அந்த விஷயம் எப்படி இருக்கு?

ஒரு சின்ன ஊரில் எல்லா வீட்டு உள்விஷயமும் தெரிந்தவர்கள் இரண்டே பேர்: டாக்டர், வங்கி மேனேஜர். அந்த ஊர் டாக்டருக்கு வாய் சும்மா இருக்காது. சாயங்காலம் சீட்டாட உட்கார்ந்தால், யாருக்கு எங்கே கட்டி என்பதைச் சொல்லிவிட்டுத்தான் முதல் சீட்டையே இறக்குவார். மேனேஜரிடம் சொன்னதோ கிணற்றில் போட்ட கல். முப்பத்தொன்பது வருஷமாக ஊரே வரிசையில் வந்து கல்லைப் போட்டுவிட்டுப் போனது. அடியில் விழுந்த சத்தம்கூட வெளியே கேட்டதில்லை.

அது அந்த வட்டாரத்துக்கு மட்டுமேயான சிறிய வங்கி. மொத்தம் ஆறு கிளைகள். பேருந்து நிலையத்து நேரக் காப்பாளரின் மகனாக, இருபத்தொரு வயதில் அங்கே எழுத்தராகச் சேர்ந்தவர் அவர். முதல் இரண்டு வருஷம் ரசீதுகளில் முத்திரை குத்தினார். பிறகு கவுன்டர், பிறகு நகைக்கடன் மேசை, பிறகு லாக்கர் பொறுப்பு. நாற்பது வயதில் கண்ணாடித் தடுப்புப் போட்ட அறையும் சுழல் நாற்காலியும் கிடைத்தன. அந்த அறைக்கு ஒரு பச்சைத் திரை இருந்தது. எதிரே உட்கார்ந்திருப்பவரின் குரல் உடையப் போகிறது என்று தெரிந்தால், மேனேஜர் தானே எழுந்து அந்தத் திரையை இறக்கிவிடுவார். வெளியே இருக்கிற ஊழியர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். கடைநிலை ஊழியர் இரண்டு டம்ளர் தண்ணீரைக் கொண்டுபோய்க் கதவருகில் வைத்துவிட்டு வந்துவிடுவார்.

அவர் மனைவி வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்தாள். ஊருக்கு அவள் டீச்சர். கல்யாணமான புதிதில் அவளுக்கும் ஆசைதான், சாப்பிடும்போது கணவன் வாயிலிருந்து நாலு சங்கதி உதிராதா என்று. உதிரவில்லை. "பக்கத்து வீட்டுக்காரர் இன்னைக்கு பேங்க்குக்கு வந்தாராமே?" என்று தூண்டில் போட்டால், "வெயில் அதிகமில்லையா இன்னைக்கு" என்பார். கல்லில் நார் உரிக்கலாம், இவரிடம் கதை உரிக்க முடியாது என்று அக்காவிடம் சொல்லிச் சிரிப்பாள்.

ஒரே ஒரு பழக்கம் அவருக்கு உண்டு. யாருக்கு என்ன கஷ்டம் என்பதை அவர் மறப்பதே இல்லை. தெருவில் பார்த்தால் அருகில் போவார். குரலைத் தாழ்த்தி, "அந்த விஷயம் எப்படி இருக்கு?" என்று கேட்பார். அவ்வளவுதான். எந்த விஷயம் என்று சொல்லமாட்டார். வங்கிக்காரர் பக்கத்தில் ஆள் இருக்கும்போது விஷயத்துக்குப் பெயர் வைக்கக் கூடாது என்பது அவருடைய தர்மம். மருந்துக்கடைக்காரர், மனைவியின் வளையல்களை அடகு வைத்துவிட்டு, அதே அச்சில் பித்தளையில் செய்து பீரோவில் வைத்திருந்தார். மூன்று வருஷம் மாதம் தவறாமல் மேனேஜர் அவரைக் கேட்டார். மீட்ட அன்றைக்கு மருந்துக்கடைக்காரர் பச்சைத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து சிறுபிள்ளை மாதிரி அழுதார். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் தன் வைப்புத்தொகைக்கு வாரிசாக எழுதியிருந்த பெண், அவர் வீட்டிலிருந்தவள் அல்ல. அவரையும் மேனேஜர் கேட்பார். தலைமை ஆசிரியர் கண்ணை மூடித் திறப்பார். அதில் ஒரு நிம்மதி இருக்கும். நம் பாரத்தை இன்னொருவரும் ஒரு கை பிடித்திருக்கிறார் என்கிற நிம்மதி.

ஊர் அவருக்கு 'விஷயக்காரர்' என்று பெயர் வைத்தது. அன்பாகத்தான் வைத்தது.

ஓய்வுபெற்று நான்காவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்சிச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, சிரித்தால் கண் சிரிக்காது. சட்டமன்றத் தேர்தலுக்கு மேனேஜர் நிற்க வேண்டும் என்றார். மேனேஜர் பதறிவிட்டார். எனக்கு மேடை ஏறத் தெரியாது, கோஷம் போடத் தெரியாது என்று என்னென்னவோ சொன்னார். செயலாளர் காபியை ஆற அமரக் குடித்தார்.

"சார், இந்த ஊர்ல உங்களைப் பத்தி ஒரு வார்த்தை தப்பா பேச ஆள் கிடையாது. ஏன்னு யோசிச்சிருக்கீங்களா?"

"நான் யாருக்கும் கெடுதல் பண்ணினதில்லை. அதனாலதான்."

"அதேதான் சார்," என்றார் செயலாளர். "அதேதான்."

உள்ளே பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த டீச்சருக்கு அந்த இரண்டாவது 'அதேதான்' பிடிக்கவில்லை. காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. மோரில் ஈ விழுந்த மாதிரி, எடுத்துப் போட்டாலும் மனசு குடிக்க விடாது.

பிரச்சாரம் தொடங்கியது. மேடையில் மேனேஜர் ஐந்து நிமிஷம் பேசிவிட்டு, அறிக்கை வாசிப்பது போல முடித்துக்கொள்வார். வீடு வீடாகப் போவதில்தான் அவருக்கு உற்சாகம். ஒவ்வொரு வாசலிலும் தெரிந்த முகம். அவருக்குப் பின்னால் கொடி பிடித்த முப்பது பேர், செயலாளர், பெண்கள் கூட்டத்தோடு டீச்சர். மருந்துக்கடைக்காரர் வீட்டு வாசலில் அவரும் மனைவியும் சேர்ந்து நின்றார்கள். மேனேஜர் கும்பிட்டார். வழக்கம்போல அருகில் போய், குரலைத் தாழ்த்தி, "அந்த விஷயம் எப்படி இருக்கு?" என்றார்.

மீட்டு வருஷக்கணக்கான வளையல்கள். அவர் கேட்டது, எல்லாம் சரியாக இருக்கிறதல்லவா என்கிற பழைய அக்கறையில்தான். ஆனால் மருந்துக்கடைக்காரரின் கும்பிட்ட கை பிரியவே இல்லை. அவர் மனைவி, "என்னங்க விஷயம்?" என்று கேட்டாள். "உங்களுக்குத்தான் சார் எங்க வீட்டு ஓட்டு," என்றார் மருந்துக்கடைக்காரர். "ஆறு ஓட்டு. ஆறும் உங்களுக்குத்தான்."

அடுத்த வீடு. அதற்கடுத்த வீடு. எல்லா வாசலிலும் அதே கேள்வி, அதே மெல்லிய குரல். தலைமை ஆசிரியர் இந்த முறை கண்ணை மூடித் திறக்கவில்லை, மூடியபடியே நின்றார். செயலாளர் ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டு வந்தார். யார் எந்த இடத்தில் எச்சில் விழுங்கினார்கள் என்பதை அவர் விடாமல் பார்த்ததை டீச்சர் பார்த்தாள். மூன்றாவது தெரு முடிவதற்குள் அவர் கொடிக்காரர்களைச் சத்தம் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். முப்பது பேரும் வாயை மூடிக்கொண்டு பின்னால் நடந்தார்கள்.

அன்றைக்கு வீடு திரும்பியதும் மேனேஜர் காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு, "எவ்வளவு அன்பு பார்த்தியா," என்றார். "யாருமே என்னை மறக்கலை."

அந்தத் தொகுதியில் அதுவரை யாரும் அவ்வளவு வித்தியாசத்தில் ஜெயித்ததில்லை. முடிவு வந்த மத்தியானம் தெருவில் வெடிச்சத்தமில்லை, கூச்சலில்லை. ஆட்கள் ஒவ்வொருவராக வந்து பூச்செண்டைக் கொடுத்துவிட்டு, கூடத்துத் தரையைப் பார்த்துக்கொண்டே திரும்பிப் போனார்கள். வாசலில் கழற்றிய செருப்புகள் அவ்வளவு நேராக அடுக்கியிருந்ததை டீச்சர் அதற்கு முன் பார்த்ததில்லை.

அதன்பிறகு சின்னச் சின்னதாக மாறியது. காய்கறிக் கடையில் தராசுத்தட்டு அவள் பக்கமே சாய்ந்தது. கடைக்காரர் சில்லறையை எண்ணாமல் கொடுத்தார், அதிகமாகவே இருந்தது. திருப்பிக் கொடுத்தால், "இருக்கட்டும்மா, இருக்கட்டும்" என்று இரண்டு கையையும் ஆட்டினார். பதினொரு பிள்ளைகள் படித்த டியூஷனுக்கு முப்பத்துநான்கு பேர் சேர்ந்தார்கள். ஒருவரும் ஒருநாளும் விடுப்பு எடுக்கவில்லை, காய்ச்சலோடுகூட வந்து உட்கார்ந்தார்கள். முதல் தேதியே கட்டணம் உறையில் வந்துவிடும். மேனேஜருக்கு முடிவெட்ட வருகிற சலூன்காரர் ஊர் வம்பின் களஞ்சியம். கத்தரிக்கோலைவிட நாக்கு வேகமாக ஓடும். இப்போது கத்தரிக்கோல் சத்தம் மட்டும் கேட்டது. ஒருநாள் டீச்சரே பொறுக்க முடியாமல், "என்ன, பேச்சையே காணோம்?" என்று கேட்டாள். அவர் கண்ணாடியில் மேனேஜரைப் பார்த்துவிட்டு, "தொண்டை கட்டியிருக்கும்மா," என்றார். எட்டு மாதமாகத் தொண்டை கட்டியிருந்தது.

புதன்கிழமைகளில் மேனேஜர் தன் அலுவலகத்தில் மனு வாங்க உட்காருவார். நாற்காலிகள் வரிசையாக இருக்கும். மனு வராது. தலைநகரத்தில் மற்ற உறுப்பினர்கள் மூட்டை மூட்டையாகக் கோரிக்கைகளோடு அல்லாடும்போது, "என் தொகுதியில குறையே இல்லை" என்று இவர் சொல்வாராம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்தது கலப்படமில்லாத சந்தோஷம். டீச்சர் அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

புறவழிச் சாலைத் திட்டம் வந்தது அப்போதுதான். மூடிக் கிடக்கிற நூற்பாலையின் காலி மைதானம் வழியாகவும் போகலாம், அதன் பின்னாலிருக்கிற ஆலைச் சந்து வழியாகவும் போகலாம். மைதானத்துக்குச் சொந்தக்காரர்கள் செயலாளருக்கு வேண்டியவர்கள். சந்தில் அறுபத்திரண்டு வீடுகள். நாற்பத்தோராம் எண் வீடு டீச்சரின் அக்காவுடையது.

அக்கா தையற்காரி. முன்னறையில் இரண்டு மெஷின்கள், சுவர் முழுக்கக் கொக்கிகள், ஒவ்வொரு கொக்கியிலும் பெயர் ஒட்டிய துணிப்பை. அத்தான் ஆலையில் கடைசல் இயந்திரத்தில் வேலை பார்த்தவர், ஆலை மூடியதிலிருந்து வாசலில் நாற்காலி போட்டுச் சந்துக்குக் காவல் காப்பவர். முப்பது வருஷமாகச் செங்கல் செங்கலாகக் கட்டிய வீடு. கூடத்துத் தரை ஒரு வருஷம், பின்கட்டுக் கூரை இன்னொரு வருஷம். அதை இடிப்பதா என்று அக்கா கொதித்தாள். கருத்துக் கேட்புக் கூட்டத்தில் முதல் ஆளாக எழுந்து பேசப்போவதாகச் சொன்னாள். பேச வேண்டியதை டியூஷன் நோட்டிலிருந்து கிழித்த தாளில் டீச்சர்தான் எழுதிக் கொடுத்தாள். விதி எளிமையானது. சந்தில் பாதி வீடுகளாவது எதிர்ப்பைப் பதிவுசெய்தால் அரசு மைதானத்து வழியைப் பரிசீலிக்க வேண்டும். பதிவாகாவிட்டால் சந்து போய்விடும்.

நகராட்சி மண்டபத்து வாசலில் மேனேஜர் டீச்சரோடு நின்று எல்லோரையும் வரவேற்றார். ஒவ்வொருவரிடமும் அதே கேள்வி. அக்காவும் அத்தானும் வந்தார்கள். "வாங்க அக்கா," என்றவர், பாசத்தோடு குனிந்து, "அந்த விஷயம் எப்படி இருக்கு?" என்றார்.

"என்ன விஷயம்?" என்றார் அத்தான்.

"மெஷின் லோன்," என்றாள் அக்கா. அவள் கையிலிருந்த தாள் நான்காக மடிந்தது, பிறகு எட்டாக.

உள்ளே அதிகாரி மூன்று முறை கேட்டார், யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று. மின்விசிறி சுற்றுகிற சத்தம். இருநூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா தன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதிகாரிக்கே ஆச்சரியம். 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் டீச்சர் அக்கா வீட்டுக்குப் போனாள். அத்தான் வாசலில் இருந்ததால் இருவரும் பின்கட்டில் நின்றார்கள்.

"ஏன்க்கா பேசலை? நேத்து வரைக்கும் வீராப்பா இருந்தியே."

"உன் வீட்டுக்காரர் கேட்டாரே. நீயும் பக்கத்துலதானே நின்னே."

"அவர் எப்பவும் கேட்கிறதுதானே?"

"அப்பல்லாம் மேனேஜர் கேட்டார்," என்றாள் அக்கா. "இப்ப யார் கேட்கிறாங்கன்னு பாருடி."

பிறகு மெல்லச் சொன்னாள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அப்பனோடு கைகலந்து வீட்டைவிட்டுப் போன மகன் உயிரோடுதான் இருக்கிறான். கல்யாணமாகி ஒரு குழந்தையும் இருக்கிறது. அவன் பெயரை எடுத்தால் இந்தப் படியை இறங்கிவிடுவேன், திரும்ப ஏறமாட்டேன் என்று சொன்னவர் அத்தான். அக்காவோ தையல் கூலியில் மாதாமாதம் அவனுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறாள். அந்தக் கணக்கைத் திறந்து கொடுத்தவர் மேனேஜர்தான். பச்சைத் திரையை இறக்கிவிட்டு.

கூடப்பிறந்தவளிடம்கூடச் சொல்லாததை அவரிடம் சொல்லியிருக்கிறாள். டீச்சருக்கு அது வலிக்கவில்லை. சந்திலிருந்து வெளியே நடந்தபோது இரண்டு பக்கமும் வாசலில் நின்றவர்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்தியதுதான் வலித்தது. அறுபத்திரண்டு வீட்டிலும் ஏதோ ஒன்று இருந்தது. அதன் சாவி தன் வீட்டுச் சட்டைப்பையில் இருந்தது.

அன்று மாலை அவள் கணவனை உட்காரவைத்துச் சொன்னாள். ஊர் பயப்படுகிறது என்றாள். நீங்கள் ஜெயித்ததே அப்படித்தான் என்றும் சொன்னாள். அவர் முதலில் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சலூன்காரரின் தொண்டை, காலி நாற்காலிகள், மருந்துக்கடைக்காரரின் பிரியாத கை. அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவர் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நான் ஒருத்தர் விஷயத்தையும் இதுவரைக்கும் வெளியே சொன்னதில்லையே," என்றார் கடைசியில். "உன்கிட்டகூடச் சொன்னதில்லை."

"எனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியணுமே."

அவர் அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டார். உறுப்பினர் எழுதிக் கேட்டால் கூட்டத்தை ஒருமுறை மறுபடியும் கூட்டலாம். அதிகாரிக்கு அன்றே எழுதினார். நானே மேடையேறி மக்களின் பயத்தைப் போக்குகிறேன் என்றார். என்ன பேசுவீர்கள் என்று அவள் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மனசு லேசானதில் அன்று இருவரும் கடைத்தெரு வரை காலாற நடந்துவிட்டு வந்தார்கள்.

இரண்டாவது கூட்டத்தில் இன்னும் அதிகம் பேர். மேனேஜர் இந்த முறை வாசலில் நிற்கவில்லை, யாரையும் எதுவும் கேட்கவில்லை. நேராக மேடைக்குப் போய் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"நீங்க எல்லாரும் என்னை நம்பி எவ்வளவோ விஷயம் சொல்லியிருக்கீங்க. முப்பத்தொன்பது வருஷமா ஒண்ணுவிடாம எனக்கு ஞாபகம் இருக்கு. அதுல ஒண்ணையும் நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். சத்தியம் பண்றேன். நீங்க தைரியமா உங்க எதிர்ப்பைச் சொல்லலாம்."

வங்கியில் பிறந்து வளர்ந்த மனசுக்கு அதைவிடப் பெரிய உத்தரவாதம் தெரியாது. பச்சைத் திரைக்குப் பின்னால் ஒருவரிடம் அதைச் சொல்லியிருந்தால் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பார். இங்கே, மேடைமீது, செயலாளரையும் அதிகாரியையும் இரண்டு பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் அதை முந்நூறு பேரிடம் சொன்னார். பின்வரிசையில் ஒரு குழந்தை சிணுங்கியது. அதன் அம்மா வாயைப் பொத்தினாள்.

டீச்சர் கணவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் அவர் முகத்தில் எதிர்பார்ப்பு, பிறகு குழப்பம். மருந்துக்கடைக்காரரைப் பார்த்தார். அவர் தலை குனிந்தது. தலைமை ஆசிரியரைப் பார்த்தார், அந்தத் தலையும் குனிந்தது. சும்மா பார்த்ததற்கே குனிந்தது. மேனேஜர் இன்னொருவரைப் பார்த்தார். பிறகு இன்னொருவரை. இந்த முறை, குனிகிறதா என்று பார்ப்பதற்காகவே பார்த்தார். தோள் மெல்ல நிமிர்ந்தது. முப்பத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அந்த நிமிர்வு புதிது.

அப்போது அக்கா எழுந்தாள்.

"என் மகன் உயிரோட இருக்கான்," என்றாள். மேடையைப் பார்க்கவில்லை, பக்கத்திலிருந்த புருஷனைப் பார்த்துச் சொன்னாள். "ஒன்பது வருஷமா நான்தான் பணம் அனுப்பறேன். உங்களுக்கு ஒரு பேத்தி இருக்கா. இதுதான் என் விஷயம், முடிஞ்சுது." பிறகு அதிகாரி பக்கம் திரும்பினாள். "என் வீட்டை இடிக்கக் கூடாது. எங்க சந்துல ஒரு வீட்டையும் இடிக்கக் கூடாது. எழுதிக்கோங்க."

அத்தான் எழுந்தார். தோளில் கிடந்த துண்டை உதறி மறுபடி போட்டுக்கொண்டு, வரிசையில் இருந்தவர்களின் முழங்காலைத் தாண்டித் தாண்டி வெளியே போனார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. யாரும் அக்காவுக்குப் பின்னால் எழவுமில்லை. அதிகாரி நான்கு முறை கேட்டார். பிறகு 'ஓர் ஆட்சேபணை' என்று எழுதினார். எந்த வீடு என்று கேட்டு, நாற்பத்தொன்று என்று அதன் பக்கத்தில் குறித்தார்.

காரில் செயலாளர் முன்னால் உட்கார்ந்திருந்தார். "ஒரு வீடுதானே சார். சாலையைக் கொஞ்சம் வளைச்சா போச்சு. உங்க சொந்தத்துக்கு ஒண்ணும் ஆகாது. மத்தவங்க யாரும் எதுவும் சொல்லலையே," என்றார். மேனேஜர் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று அவர் சொல்வார் எனத் தெருமுனை வரை டீச்சர் காத்திருந்தாள். வீடு வந்துவிட்டது.

உள்ளே வந்ததும் அவளே பேசினாள். மொத்தச் சந்துக்கும் சேர்த்து நீங்களே எதிர்த்து எழுதுங்கள், உறுப்பினர் எழுதினால் செல்லும் என்றாள்.

"பதிவானதைத்தானே நான் எடுத்துக்க முடியும்," என்றார் அவர். "பதிவானது ஒண்ணு."

"அவங்க ஏன் பேசலைன்னு உங்களுக்கு இப்பத் தெரியும்."

அவர் இந்த முறை கண்ணாடியைத் துடைக்கவில்லை. அவளைப் பார்த்தார். கோபமில்லாமல், மண்டபத்தில் பார்த்தாரே அதே மாதிரி, ஒரு நிமிஷம் பார்த்தார். பதினான்கு வருஷத்துக்கு முன் ஒரு கெட்ட காலத்தில், இவரைவிட்டுப் போய்விடுவது என்று முடிவுசெய்து, டியூஷன் பணத்தைத் தன் பெயரில் மட்டும் பக்கத்து ஊர்க் கிளையில் போட்டாளே, அது டீச்சருக்கு ஞாபகம் வந்தது. போகவில்லை. பணமும் எடுக்கப்படாமல் கிடக்கிறது. ஆறே கிளைகள் உள்ள வங்கி. இவருக்குத் தெரியுமா, தெரியாதா?

அவள் தலை தானாகக் குனிந்தது.

மூன்று வாரம் கழித்து ஆட்கள் சிவப்புச் சாய டப்பாவோடு ஆலைச் சந்துக்கு வந்தார்கள். ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் வட்டம் போட்டு, உள்ளே ஓர் எண் எழுதினார்கள். டீச்சர் அன்று அக்காவோடு இருந்தாள். அத்தான் தம்பி வீட்டுக்குப் போனவர்தான், வாசல் நாற்காலி காலியாகக் கிடந்தது. முப்பத்தொன்பது, நாற்பது என்று வந்த தூரிகை அக்கா வீட்டைத் தாண்டி அடுத்த சுவரில் ஈரமாகப் பதிந்தது.

அக்கா இறங்கிப் போய் அந்த ஆளைக் கேட்டாள். "உங்க வீடு லிஸ்ட்ல இல்லைம்மா," என்றார் அவர். "எம்.எல்.ஏ. வீட்டு உறவாமே நீங்க?"

எதிர்வீட்டுக்காரி அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அன்றைக்கு மண்டபத்தில் அக்கா எழுந்து பேசியது, அத்தான் துண்டை உதறிக்கொண்டு போனது எல்லாம் அந்த முகத்தில் ஒரு முறை ஓடி, வேறு கதையாகத் திரும்பியதை டீச்சர் பார்த்தாள். சொல்லிக்கொடுத்து ஆடிய நாடகம். மேனேஜர் வீட்டு ஆட்கள் தங்கள் வீட்டை மட்டும் காப்பாற்றிக்கொண்டார்கள்.

"தைச்சு முடிச்சாச்சாக்கா?" என்று எதிர்வீட்டுக்காரி வாசலில் வந்து கேட்டாள். மரியாதை குறையவில்லை, கூடியிருந்தது.

"வெட்டினேன். இன்னும் தைக்கலை. வெள்ளிக்கிழமை தரேன்."

"பரவாயில்லைக்கா. வெட்டினபடியே குடுத்துடுங்க."

அக்கா கொக்கியிலிருந்து பையை எடுத்துக் கொடுத்தாள். மத்தியானத்துக்குள் பதினேழு பேர் வந்தார்கள். ஒருவரும் உரக்கப் பேசவில்லை, ஒருவரும் காரணம் சொல்லவில்லை. தைக்காத துணிக்கும் சிலர் கூலியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்கள். வேண்டாம் என்று அக்கா சொன்னபோது, "இருக்கட்டும்க்கா, இருக்கட்டும்" என்று பின்வாங்கிப் படியிறங்கினார்கள்.

கடைசியாக வந்தவளுக்குப் பையைத் தேடவேண்டியிருந்தது. மற்ற கொக்கிகள் எல்லாம் காலியாக இருந்தும் அது கண்ணில் படவில்லை. மெஷின்மேலேயே இருந்தது, ஒரு சின்னப் பெண்ணின் கவுன், பாதித் தையலில். அக்கா ஊசியைத் தூக்கி, நூலைக் கத்தரித்து, துணியை உருவிக் கொடுத்தாள்.